ஆறு இழை ஐந்து இழையான ஆடி மாதம்

பஸ்களின் பக்கவாட்டில் எழுதியிருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு, எல்லா பஸ்ஸுக்கும் ஒரே பெயரை எழுதிய வருஷம் அது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் நீளம் தெரியும். நீளம் மாறிப்போனதைப் பார்த்து, இது நம்ம வேலூர் பஸ்தானா என்று ஏறாமல் நின்றவன் நான். அதே வருஷம் பங்குனியில் பொழுது சாய்ந்ததும் மேற்கே வால் நட்சத்திரம் தெரிந்தது. அது எதற்கு வந்தது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, தேசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் ஒரு பையும் கையில் ஒரு குடையுமாக ரோடு ஆபீசுக்குள் வந்தீர்கள், மேடம். புது ஜே.இ., ரோடு எஞ்சினியர், ஒரு பொம்பளைப் பிள்ளை என்று சொன்னார்கள். நாங்கள் கேங்க் ஆட்கள் ஏழு பேரும் மண்வெட்டியைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தோம்.

இவ்வளவும் போன மாதம்தான் திரும்பி வந்தது. ஆற்றுப் பாலத்துக்கு அடியில், தூணுக்கும் தூணுக்கும் நடுவே மூன்றாவது கண்ணில், நான்கு பையன்கள் ஏணி போட்டு நின்றிருந்தார்கள். இரண்டு டியூபை ஒரு தகர மூடியில் பிதுக்கிக் குச்சியால் கலக்கினார்கள். அந்தப் பசை நாற்றம் காற்றில் வந்து என் மூக்கில் ஏறியது. கெட்டுப்போன முட்டையும் வார்னிஷும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். நீங்களும் அதே இடத்தில்தான் அதே மாதிரி கலக்கினீர்கள். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பையன்கள், வெயிலில் கிழவனுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வந்தார்கள்.

இதை எழுதுவது எதிர் வீட்டுத் தேவராஜ். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொல்லச் சொல்ல அவர் நல்ல தமிழில் போட்டுக்கொள்கிறார். வார்த்தையை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளுங்கள், எண்ணை மட்டும் திருத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். எந்த விலாசத்துக்கு என்று கேட்டார். விலாசம் இல்லை, எழுதுங்கள் என்றேன். 

அந்த முதல் ஆடியில் ஆற்றில் தண்ணீர் இல்லை. பாலத்தின் தலையிலிருந்து கால் வரை பார்க்க வேண்டும் என்று நீங்கள் மணலில் இறங்கினீர்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல். தூணைத் தட்டிக்கொண்டே வந்தீர்கள். கணீர் என்றால் போய்க்கொண்டே இருப்பீர்கள், பொத்தென்று கேட்டால் நின்று சாக்கட்டியால் வட்டம் போடுவீர்கள். ஏணியைப் பிடித்தவன் குப்புசாமி. கொத்தனார் பிச்சாண்டி பக்கத்தில் நின்று, அவன் காதில், "மேடம் பலாப்பழம் பாக்கறாங்க, பழுத்துச்சா காயா இன்னு," என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நீங்கள் திரும்பாமலே, "பழுத்திருந்தா மொதல்ல உங்க தலைலதான் விழும், தள்ளி நில்லுங்க," என்றீர்கள். குப்புசாமி சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

விரிசலை முதலில் பார்த்தது நான். மூன்றாவது கண்ணில், மேலே ஓடுகிற உத்தரம் தூணின் தலையில் வந்து உட்காரும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, தலைமுடி ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் ஒரு கோடு. நீங்கள் ஏணியில் ஏறி லென்ஸ் வைத்துப் பார்த்தீர்கள். மேலே ஒரு லாரி போனது. கீழே இறங்கி வந்தபோது உங்கள் முகம் மாறியிருந்தது. "லாரி போறப்போ அது மூச்சு விடுதுண்ணா," என்றீர்கள்.

கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே பசை போட்டு ஒட்டினோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பதினைந்தாம் நாள் உடைந்தது. ஆனால் எவ்வளவு நகர்ந்தது என்று கண்ணாடி சொல்லாது. அளக்கிற கருவி வேண்டும் என்று எழுதிப் போட்டீர்கள். மூன்று தரம் போட்டீர்கள். வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, பட்டு நெய்கிற ஆரணியில் எல்லாவற்றையும் நூலில்தானே கணக்குப் பார்ப்பார்கள், நூலால் இதை அளக்க முடியாதா என்று கேட்டீர்கள். என் பெண்சாதி கன்னியம்மா தறியில் உட்காருகிறவள் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் ஒரு முடி, சின்னச் சுருள், அரக்குச் சிவப்பு நூல் கொண்டு வந்தேன். புடவை நெய்து முடித்தபிறகு தறியில் மிஞ்சியது. நீங்கள் அதை ஒரு பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, ஸ்கேல் வைத்துப் பார்த்து, எண்ணி, வகுத்து, ஒரு இழை இவ்வளவு தடிமன் என்று கண்டுபிடித்தீர்கள். புது ரிஜிஸ்தரின் முதல் பக்கத்தில் அந்த நூலில் ஒரு சாண் வெட்டி, மேலே டேப் ஒட்டி, பக்கத்தில் எண்ணை எழுதினீர்கள். மீதியை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தீர்கள்.

வேலை இதுதான். விரிசலின் வாய்மேல் நூலை நெடுக்காக இழுத்துப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு இழை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வாய் மறைகிற வரைக்கும் எத்தனை இழை பிடிக்கிறதோ அதுதான் கணக்கு. வருஷத்துக்கு இரண்டு தரம், தையிலும் ஆடியிலும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால். வெயில் ஏறினால் கான்கிரீட் உப்பி விரிசல் வாயை மூடிக்கொண்டு நம்மை ஏமாற்றும் என்றீர்கள். என் கண் அப்போது ஊசி மாதிரி. நான் ஏணியில், நீங்கள் கீழே ரிஜிஸ்தரோடு.

"மேடம், நாலு இழ புடிக்குது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணா. நீங்க ஒரு இழ தப்பாச் சொன்னா நான் எழுதறது பூராத் தப்பு."

எழுதி முடித்ததும் ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்புவீர்கள். அளந்தவர் என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். அதில் என் பெயரை நீங்களே எழுதி, இங்க் பேடை நீட்டுவீர்கள். சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். இதில் வைக்கும்போது இருந்ததில்லை.

அந்த எண்கள் எனக்கு இன்றும் தலைகீழாகச் சொல்ல வரும். முதல் ஆடி நாலு. அடுத்த தை நாலு, ஆடி நாலு. அதற்கடுத்த தை ஐந்து, ஆடி ஐந்து. அதற்கடுத்த தை ஐந்து, ஆடி ஆறு. அப்புறம் குஜராத்தில் பூமி அதிர்ந்த தை, ஆறு. அந்தத் தை மாதம் பேப்பரில் இடிந்து கிடந்த வீடுகளைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு நாள் ரிஜிஸ்தரையே புரட்டிக்கொண்டிருந்தீர்கள். பிறகு பெரிய ஆபீசுக்குப் போய், உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவே இருக்கிற பேரிங் தட்டுகள் மண்ணும் துருவும் ஏறி இறுகிக் கிடக்கின்றன, வெயிலுக்கு நீள வேண்டிய உத்தரம் நீள முடியாமல் முட்டுகிறது, அதனால்தான் பிளக்கிறது என்று சண்டை போட்டு, அதைச் சுத்தம் செய்ய உத்தரவு வாங்கி வந்தீர்கள். பங்குனி வெயிலில் பத்து நாள் செய்தோம். மண்ணைக் கம்பியால் குத்திக் குத்தி எடுத்தோம். ஒரு பேரிங்குக்குள் பாம்புச் சட்டை இருந்தது. பிச்சாண்டி அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "வாடகைக்கு இருந்தவரு காலி பண்ணிகினு போய்ட்டாரு மேடம்," என்றார்.

இனி சொல்லப்போவதைத்தான் நான் உங்களிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆனியில் கன்னியம்மா ஒரு கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தாள். ஆவணி முகூர்த்தத்துக்கு. புடவை முடிய முக்கால் முழம் இருக்கும்போது கரை ஓரம் எலி கடித்து, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் நாற்பது ஐம்பது அறுந்துவிட்டன. முடிந்து சேர்க்க அதே சாயத்து நூல் வேண்டும். அரக்குச் சிவப்பு என்றால் எல்லாம் ஒன்றில்லை. ஒரு சாயத்தொட்டியில் இறங்கியது ஒரு நிறம், மறுதரம் இறங்கினால் வேறு நிறம். வீட்டில் இருந்த எந்த நூலும் ஒட்டவில்லை. பொழுதுக்கும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துச் சலித்துப்போய், என் பையிலிருந்த பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

"இது இன்னாத்துக்கு வெச்சிகினு கீற? அதே செவப்பு மாதிரியே கீதே."

ஆபீஸ் நூல் என்றேன்.

"ஆபீசுல இன்னா தறி ஓட்டறாங்களா? குடு ஜல்தி. வேற செவப்பு போட்டுத் தரேன்."

கொடுத்துவிட்டேன், மேடம். அவள் அந்த நூலால் முடிந்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாள். எனக்கு இன்னொரு முடி சிவப்பு நூலை டப்பாவில் போட்டுத் தந்தாள். நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. பரவாயில்லை, விரிசலுக்கு நிறம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் நூல் என்று கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது நிறத்தை. நானும் அதைத்தான் பார்த்தேன். வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடியில் ஏணி ஏறினேன். நூலை வைத்தேன். ஐந்து.

நீங்கள் நம்பவில்லை. திரும்பப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். ஐந்துதான். நீங்களே ஏணியில் ஏறி லென்ஸ் வைத்து என் கையில் இருந்த இழைகளை எண்ணினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. இறங்கி வந்து மணலில் நின்றுகொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். வேர்வை என்று நினைத்தேன்.

"பேரிங் விட்டுக் குடுத்துடுச்சுண்ணா. ஒரு இழ மூடிகிச்சு. நாம செஞ்சது வேல செய்யுது."

அன்றைக்கு நீங்கள் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தீர்கள். குப்புசாமி ஏணியைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தான். நான் மூன்று போண்டா தின்றேன். ஒவ்வொரு கடியும் எனக்கு இப்போது ஞாபகம் இருக்கிறது, மேடம். அதுதான் பேஜார்.

தை ஐந்து. ஆடி ஐந்து. நீங்கள் பெரிய ஆபீசுக்கு அறிக்கை எழுதினீர்கள். அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். பேரிங் சுத்தம் செய்தபின் விரிசல் குறைந்து நின்றுவிட்டது, உத்தரத்துக்கு வேறு வேலை தேவையில்லை, கண்காணித்தால் போதும் என்று. அதற்கு முன்னால் நீங்களே கேட்டு எழுதியிருந்த பெரிய ரிப்பேர் ஒன்று வரிசையில் இருந்தது. அந்த வேலை வேறு பாலத்துக்குப் போனது. நியாயம்தான், அந்தப் பாலத்துக்கு அது தேவைப்பட்டது என்றீர்கள். அடுத்த வருஷம் உங்களுக்கு மாற்றல் வந்தது. போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள்: "யாரும் கேக்கலன்னாலும் அளங்கண்ணா. நூல மட்டும் மாத்திடாதீங்க."

நான் தலையை ஆட்டினேன்.

அளந்தேன். சுனாமி வந்ததற்கு மறுமாதம், தை, ஐந்து. நான் ஓய்வு பெற்ற வருஷம் ஆறு. புதிதாக வந்த ஜே.இ.யிடம் போய் ஆறு என்று சொன்னேன். கோப்பைப் பார்த்துவிட்டு, முன்னாலும் ஆறு இருந்திருக்கிறதே பெரியவரே, அப்புறம் குறைந்ததே, இதெல்லாம் வரும் போகும் என்றார். நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஆபீஸ் கட்டிடம் மாறிய பிறகு ரிஜிஸ்தர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் அறிக்கை மட்டும் தப்பியது. அது மேலே போன காகிதம், மேலே பத்திரமாக இருந்தது.

ஓய்வுக்குப் பிறகும் அளந்தேன். ஏணி பிடிக்கக் குப்புசாமி வந்தான். அவன் இருந்தவரைக்கும் வந்தான். கார்த்திகையில் மழை கொட்டி மெட்ராஸ் முழுகிய வருஷம், அதற்கு அடுத்த தை, ஏழு. அதுதான் நான் கடைசியாக ஏறியது. முட்டி கேட்கவில்லை.

ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொன்ன வருஷம், எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கன்னியம்மா வீட்டில் பழைய பெட்டியைக் கிளறினாள். பவுடர் டப்பா கிடைத்தது. திறந்து நூலை விரலில் உருட்டிப் பார்த்தாள். அவள் கண் அப்போது மங்கிவிட்டது. விரல்தான் அவளுக்குக் கண்.

"இந்த ஊட நூல இன்னும் வெச்சிகினு கீறயா நீ?"

எந்த ஊடை நூல் என்றேன்.

"அன்னிக்கு நீ குடுத்தது பாவு நூலு. மெல்லிசு. இது குறுக்கப் போற ஊட. தடிப்பு. பதிலுக்குக் கையில எது வந்துதோ அதப் போட்டன். ஏன், கட்டறதுக்குத்தான இன்னு சொன்ன?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. எதற்கு என்று அவளிடம் சொன்னதே இல்லை. ஆபீஸ் சமாச்சாரம் என்று அந்த ஒரு வார்த்தையோடு விட்டிருந்தேன். சொல்லியிருந்தால் அவள் மாற்றியிருக்க மாட்டாள். இருபது வருஷம் தறியில் உட்கார்ந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் நூலின் நிறத்தைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே அவளை ஒரு பாவு நூல் முடி எடுக்கச் சொல்லி, பலகைமேல் ஊடை நூல் ஏழு இழை வைக்கச் சொன்னேன். அதை மறைக்கப் பாவு நூல் எத்தனை பிடிக்கிறது என்று கேட்டேன். வைத்தாள். விரலால் தடவினாள். பத்து என்றாள். இருந்தாலும் இது இப்போதைய பாவு நூல், அப்போது வந்த பட்டு வேறு, இப்போது வருகிற பட்டு வேறு, அது இன்னும் மெல்லிசாக இருந்திருக்கும் என்றும் சொன்னாள். எனக்கு இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாலில் ஆரம்பித்தது பத்துக்கு வந்திருக்கிறது. அது ஒரு நாளும் மூடவில்லை. நாம் போண்டா தின்றுகொண்டிருந்த அன்றைக்கும் அது திறந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த தையில் உங்களைத் தேடி வந்தேன். இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து உங்கள் ஆபீசுக்கு வந்தேன். நீங்கள் பெரிய அதிகாரியாகியிருந்தீர்கள். அறைக்கு வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டீர்கள். தலையில் பாதி நரைத்திருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த மூன்று எஞ்சினியர்களிடம் என்னைக் காட்டி, "இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு பாலத்தக் காப்பாத்தினோம். வெறும் நூல வெச்சு," என்றீர்கள். அவர்கள் மூன்று பேரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.

பையில் டப்பா இருந்தது. கை பையின் வாயில்தான் இருந்தது. நீங்கள் எனக்கு டீ சொன்னீர்கள். கன்னியம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டீர்கள். பாலம் எப்படி இருக்கிறது என்று கடைசியாகக் கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. அடுத்த தரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம், தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தரம் இல்லை. கொரோனா இரண்டாவது தரம் வந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, பழைய வாட்ச்மேன் சந்தையில் பார்த்துச் சொன்னான். தேசூரில் உங்கள் ஆட்களில் ஆறு பேருக்குமேல் கல்லறைக்குப் போக விடவில்லையாம். நான் ஒருத்தன் போயிருந்தால் ஏழு. என்னால் என்ன ஆகியிருக்கும்.

போன மாதம் வந்த பையன்கள் விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு பெட்டியைப் பசை போட்டு ஒட்டினார்கள். அதிலிருந்து ஒயர், ஒயர் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு பெரிய பெட்டி, அதற்குமேல் சூரிய வெளிச்சத்தில் ஓடுகிற தகடு. மணிக்கொரு தரம் அதுவே அளந்து போனுக்கு அனுப்புமாம். வெயில், குளிர், லாரி எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம். நீங்கள் பார்த்திருந்தால் அந்தப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பெரியவன், கண்ணாடி போட்ட தம்பி, எனக்குப் போனில் ஒரு கோடு ஓடுவதைக் காட்டினான். கோடு அடியில், சுத்தமாகப் படுத்துக்கொண்டிருந்தது.

எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டேன்.

"இன்னிக்குதான் தாத்தா. இன்னிக்குப் பூஜ்யம். இங்கேர்ந்து எவ்ளோ ஏறுதுன்னு பாப்போம். ஒரு அளவுக்கு மேல ஏறிச்சுன்னா அதுவே கூப்பிடும்."

அறுபது வயதுக்காரனை இன்றைக்குப் பிறந்தவன் என்று எழுதிக்கொண்டு, இவனுக்குப் பல் முளைக்கும்போது சொல்லுங்கள் என்பதுபோல் எனக்குப் பட்டது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலிலிருந்து சொன்னேன். நூலை மாற்றியதைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். உங்கள் அறிக்கையின் நகல். அடியில் உங்கள் கையெழுத்து. அதன் வளைவு எனக்குத் தெரியும்.

"இதுல நின்னுடுச்சுன்னு இருக்கே தாத்தா. அப்போ அந்த மேடம் தப்பா எழுதிட்டாங்களா?"

இல்லை என்றேன். மேடம் சரியாகத்தான் எழுதினார்கள், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். அவன் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த முதல் நூல் இருக்கிறதா என்றான். ஒரு கல்யாணப் புடவையின் கரையில் இருக்கிறது, அந்தப் புடவை யார் வீட்டில் இருக்கிறதோ என்றேன். ரிஜிஸ்தர்? இல்லை. அளந்தபோது கூட இருந்தவர்கள் யாராவது? நான் பதில் சொல்வதற்குள் மேலே காலேஜ் பஸ் போனது. காலை எட்டு மணி பஸ். என் பேத்தி அதில்தான் போகிறாள். பெட்டிக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். போனில் கோடு ஒரு தரம் துள்ளிப் படுத்தது.

"எழுதிக் குடுங்க தாத்தா, மேல அனுப்பறேன்," என்றான். எனக்கா எழுத வரும் என்று கேட்கவில்லை. தேவராஜ் எழுதினார், நான் கைநாட்டு வைத்தேன். ஆபீசில் வாங்கிச் சீல் போட்டு நம்பர் கொடுத்தார்கள். இருபது நாள் கழித்துப் போய்க் கேட்டேன். கருவி பொருத்தப்பட்டுக் கண்காணிப்பில் இருக்கிறது, முன்னால் உள்ள அறிக்கைப்படி அவசரம் இல்லை என்று பதில். அந்த முன்னால் உள்ள அறிக்கையைத்தான் நான் தப்பு என்கிறேன். தப்பு என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அந்தத் தம்பி மட்டும் ஒரு காரியம் செய்திருக்கிறான். தன் நோட்டில், ஊர்ப் பெரியவர் ஒருவர் நாலிலிருந்து பத்து என்று சொல்கிறார் என்று எழுதி வைத்திருக்கிறான். ஆனால் அவனுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. நாலு என்ன, பத்து என்ன? எனக்கு இழைதான் தெரியும். இழையை எண்ணாக மாற்றத் தெரிந்தவர் நீங்கள்.

அன்றைக்கு மனுவை எழுதி முடித்த தேவராஜிடம் இன்னொன்று எழுத வேண்டும் என்றேன். அதுதான் இது.

மேடம், உங்கள் கையெழுத்துக்கு மேலே ஒரு பொய் இருக்கிறது. அதை வைத்தது நான். நீங்கள் சாகும்போதும் நாம் ஒரு பாலத்தைக் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பீர்கள். அதை எடுத்துப்போட எனக்கு மனசு வரவில்லை, எடுத்துப்போடாமல் இருக்கவும் முடியவில்லை. இப்போது எடுத்துப் போட்டாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தினமும் எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பேத்தி பஸ் ஏறும்வரை பார்க்கிறேன். பஸ் பாலத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் வாயை மூடிக்கொண்டு எண்ணுகிறேன். நாலு, நாலு, நாலு, ஐந்து, ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு. அதற்கப்புறம் வருகிற ஐந்தைச் சொல்ல வரமாட்டேன் என்கிறது.

இந்தத் தையும் வந்து போய்விட்டது. ரிஜிஸ்தர் இருந்திருந்தால் நீங்கள் இப்படி எழுதியிருப்பீர்கள்: மூன்றாவது கண். காலை, வெயில் ஏறுவதற்கு முன். இழை எத்தனை என்ற கட்டத்தில் போட என்னிடம் எண் இல்லை, மேடம். அந்த இடத்தை வெறுமனே விடச் சொல்லியிருக்கிறேன்.

அளந்தபோது கூட இருந்தவர்கள் யார் என்று அந்தத் தம்பி கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். சுத்தியலால் தட்டிப் பார்த்து ரிஜிஸ்தர் எழுதியவர் நீங்கள், தேசூர் மண்ணில் இருக்கிறீர்கள். பேரிங்கிலிருந்து பாம்புச் சட்டையை எடுத்த பிச்சாண்டி, ஓய்வு பெற்ற மறுவருஷமே போய்விட்டார். ஏணியைப் பிடித்த குப்புசாமி போய் எட்டு வருஷம். நூலை மாற்றிய கன்னியம்மா, போன ஆடிக்கு மூன்று வருஷம். மிச்சம் இருப்பது அளந்தவர் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதுவீர்களே, அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஏழுமலை.